‘பாராமல்’ என்பதிலிருந்து ‘பார்த்து’ என்பதற்கு: நியூசிலாந்துச் செவிலியம் நடந்த வழி

நியூசிலாந்தின் பல மருத்துவமனைகளில் தலையணை உறைகள் இரண்டு நிறத்தில் இருக்கும். ஒரு நிறம் தலைக்கு. மற்றது வீங்கிய காலை உயர்த்தி வைக்கவும், ஒருக்களித்துப் படுத்தவரின் இடுப்புக்கு அண்டை கொடுக்கவும். ஒன்றை மற்றதன் இடத்தில் வைப்பதில்லை. அந்நாட்டின் மூத்த குடிகளான மாவோரி மக்களுக்குத் தலை ‘தபு’, அதாவது புனிதமானது, கண்டபடி தொடக் கூடாதது. காலுக்கு அடியில் கிடந்த தலையணையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தால் அது பெரிய அவமதிப்பு. இதே காரணத்தால் அங்கே செவிலியர் சாப்பாட்டு மேசையின் மேல் உட்காருவதில்லை. நோயாளி உணவு உண்ணும் தள்ளுமேசையில் பெட்பேனை வைப்பதில்லை. உடம்பு துடைத்த துணியும் பாத்திரம் துடைத்த துணியும் ஒரே சலவையில் போவதில்லை. தபுவுக்கு மறுபக்கம் ‘நோவா’, கட்டு நீங்கிய சாதாரண நிலை. உணவு நோவாவைச் சேர்ந்தது, தலை தபுவைச் சேர்ந்தது, இரண்டையும் கலக்கக் கூடாது.

புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘தீட்டு’ என்ற நம் சொல்லை எடுத்து அப்படியே தபுவின் மேல் போர்த்திவிடவும் கூடாது. தீட்டு பெரும்பாலும் ஆளை ஒதுக்கி வைக்கிறது. தபுவின் முதல் வேலை ஆளிடமும் இடத்திலும் உள்ள மதிப்பைக் காப்பது. பசிபிக் தீவுகளில் வழங்கும் இந்தச் சொல்லைத்தான் கேப்டன் குக்கின் கப்பல்காரர்கள் 1770களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ‘டபூ’ ஆகி, வெறும் தடை என்ற பொருளுக்குச் சுருங்கிப் போனது.

இரண்டு நிறத் தலையணை உறை பழைய ஏற்பாடு என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. இத்தகைய வழக்கங்கள் மருத்துவமனை நடைமுறையாக எழுதப்பட்டது 1980களுக்குப் பிறகுதான். அதற்கு முன் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அதே வார்டுகளில் மாவோரி நோயாளிகள் படுத்திருந்தார்கள். மாவோரிச் செவிலியர்கூட இருந்தார்கள். தலையணை மட்டும் ஒன்றாகவே இருந்தது.

ஏன் என்று அறிய இன்னும் பின்னால் போக வேண்டும். 1840 பிப்ரவரி 6 அன்று வைதாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதற்கு இரண்டு படிகள். ஆங்கிலப் படியின்படி மாவோரிகள் இறையாண்மையை அரசியிடம் ஒப்படைத்தார்கள். மாவோரிப் படியின்படி நிர்வாகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, நிலத்தின் மேலும் தங்கள் செல்வங்களின் மேலும் உள்ள தலைமையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்திட்டது மாவோரிப் படியில். அடுத்து வந்த சண்டை எல்லாம் இந்த இடைவெளியிலிருந்து வந்ததுதான், செவிலியர் படிப்பைப் பற்றிய சண்டையும் சேர்த்து. உடன்படிக்கை நடந்தபோது மாவோரி மக்கள் சுமார் 80,000 பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. புதிய நோய்கள், 1860களின் போர்கள், போருக்குப் பின் நடந்த நிலப் பறிமுதல் எல்லாமாகச் சேர்ந்து, 1896 கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 42,000 ஆகியிருந்தது. அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று குடியேறிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். ‘பாக்கேஹா’ என்பது இந்த வெள்ளைக் குடியேறிகளுக்கு மாவோரி மொழி வைத்த பெயர். இன்று அதையே அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள்.

செவிலியர் தொழிலில் நியூசிலாந்துக்கு ஒரு முதலிடம் உண்டு. செவிலியர் பதிவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு அதுவே. மருத்துவமனைகளின் துணைக் கண்காணிப்பாளராக இருந்த கிரேஸ் நீல் முன்னின்று கொண்டுவந்த அந்தச் சட்டம் 1901இல் நிறைவேறியது. 1902 ஜனவரி 10 அன்று எல்லன் டோஹர்ட்டி பதிவேட்டின் முதல் எண்ணைப் பெற்றார். அதே ஆண்டுப் பதிவில் மெரேயானா தங்கதா என்ற மாவோரிப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. ஆக, பதிவேடு திறந்த ஆண்டிலேயே மாவோரிச் செவிலியரும் வந்துவிட்டார். பதிவேட்டில் இடம் கிடைத்துவிட்டது. வார்டுக்குள் அவர் தம் வழக்கத்தையும் கொண்டுவரலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாவோரிப் பெண்களைச் செவிலியராகப் பயிற்ற வேண்டும் என்ற யோசனை மாவோரிகளிடமிருந்தே வந்தது. 1897இல் தே அவுதே கல்லூரிப் பழைய மாணவர் மாநாட்டில் ஹமியோரா ஹெய் என்ற இளைஞர் அதை முன்வைத்தார். அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசின் கணக்கு வேறு. மாவோரிப் பள்ளிப் பெண்கள் சிலரை மருத்துவமனையில் கொஞ்ச காலம் பழக்கி ஊருக்கு அனுப்பினால், சுகாதாரம் அவர்கள் கைவழியாகக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அது. அந்தப் பெண் ஒரு வாய்க்கால். தண்ணீர் ஒரு பக்கமிருந்துதான் வரும். ஊரிலிருந்து மருத்துவமனை கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று திட்டத்தில் எங்கும் இல்லை.

ஹமியோராவின் தங்கை அகெனேஹி ஹெய் அந்தத் திட்டத்தில் வந்தவர். நேப்பியர் மருத்துவமனையில் பயின்று 1908இல் செவிலியராகவும் பேறுகாலத் தாதியாகவும் பதிவு பெற்றார். டைபாய்டு பரவிய மாவோரிக் கிராமங்களுக்கு அரசு அவரை அனுப்பியது. பேச மொழி இருந்தது. உறவுமுறை சொல்லி வீட்டுக்குள் போக முடிந்தது. எதைச் சொன்னால் கேட்பார்கள், எதைச் சொன்னால் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்பதும் தெரிந்திருந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்த அறிவு அவரோடு வந்தது. அவரோடேயே போயும்விட்டது. 1910 நவம்பரில், தம் சொந்தக் குடும்பத்தாரைக் கவனித்தபோது தொற்றிய டைபாய்டிலேயே அவர் இறந்தார். பதிவு பெற்று இரண்டரை ஆண்டுகூட முழுதாகச் செல்லவில்லை.

இதே ஆண்டுகளில் சட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 1907இல் வந்த தோஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம், மாவோரி வைத்தியரும் ஞானியுமான தோஹுங்காக்கள் தொழில் செய்வதைக் குற்றமாக்கியது. மாவோரி மருத்துவர்களும் அரசியல்வாதிகளும்கூட அதை ஆதரித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சல்காரரைக் குளிர்ந்த ஆற்றில் முக்கி எடுக்கும் போலி வைத்தியர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். ஆனால் சட்டம் போலியையும் நல்லவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நோய்க்கு உடம்பு மட்டுமே காரணம் இல்லை என்ற எண்ணமே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1962இல்.

1918 இன்புளூயன்சா சில வாரங்களில் நியூசிலாந்தில் சுமார் 9,000 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் மாவோரிகள் ஏறக்குறைய 2,500. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பாக்கேஹாக்களைப் போல ஏழெட்டு மடங்கு. வைக்காத்தோ பகுதியின் மாவோரி அரச குடும்பத்தைச் சேர்ந்த தே புவேயா ஹேராங்கி, பெற்றோரை இழந்த குழந்தைகள் நூறு பேர் அளவில் எடுத்து வளர்த்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1913 பெரியம்மையின்போதும் அவர் இதே வேலையைப் பார்த்தவர். மருத்துவமனைக்குப் போக மறுத்த தம் மக்களுக்காக ஓலைக் குடில்கள் போட்டு, அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர்கள் மறுத்ததற்கு மூடநம்பிக்கைதான் காரணம் என்று அதிகாரிகள் எழுதினார்கள். தே புவேயாவின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. மொழி தெரியாத இடம், உறவினர் உள்ளே வர முடியாத இடம், போனவர் பலர் திரும்பி வராத இடம். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் விரும்பிப் போவார்கள்?

ஆகவே அவரே ஒரு மருத்துவமனை கட்ட நினைத்தார். ங்காருஅவாஹியாவில் ஆற்றங்கரையில் தாம் எழுப்பிய தூரங்காவைவை குடியிருப்பில், மரச் செதுக்கு வேலை நிறைந்த பெரிய இல்லம் ஒன்று எழுந்தது. மாஹினாராங்கி என்று பெயர். மேற்கத்திய மருத்துவம் அங்கே கிடைக்கும். ஆனால் மூதாதையரின் உருவங்கள் சுவரில் நிற்கும், உறவினர் பக்கத்தில் இருப்பார்கள். சுகாதார அதிகாரிகள் அதை மருத்துவமனையாக நடத்த ஒப்பவில்லை. 1929இல் அது கூடுமிடமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அழகாக நிற்கிறது. அறுபது ஆண்டு கழித்து அறிக்கை எழுதி, குழு போட்டு, வாதாடிப் பெற்றதன் முன்வரைவு ஒன்று மரத்தில் செதுக்கப்பட்டு அங்கே இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இடையில் தனி மனிதர்கள் சிலர் வேறு வழியில் போனார்கள். ரோட்டோருவா வட்டாரத்தில் மாவட்டச் செவிலியராக இருந்த ராபினா கேமரன் 1937இல் மாவோரிப் பெண்களைச் சேர்த்துப் பெண்கள் சுகாதாரச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1951இல் மாவோரிப் பெண்கள் நலச் சங்கம் வந்தது, ஃபினா கூப்பர் அதன் முதல் தலைவி. இவை எல்லாம் மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை. உள்ளே ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரிகள் வேலை தேடி நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் கிராமத்து மக்கள் நகரத்து மக்களானார்கள். பிரசவமும் இடம் மாறியது. 1930களில் மாவோரிப் பிரசவங்களில் ஐந்தில் ஒன்றுகூட மருத்துவமனையில் நடக்கவில்லை. 1960களில் ஏறக்குறைய எல்லாமே அங்குதான். தாயும் பிள்ளையும் பிழைப்பது கூடியது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பொருள் காணாமல் போயிற்று.

மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குடும்பத்து மண்ணில் புதைப்பார்கள். அந்தப் பிள்ளை எங்கே போனாலும் அதற்கு ஊன்றி நிற்க ஓர் இடம் அங்கே இருக்கும். தமிழில் தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறோம். மாவோரிகளுக்கு அது உவமை இல்லை, மண்வெட்டி எடுத்துச் செய்யும் காரியம். மருத்துவமனையில் அதே நஞ்சுக்கொடி கழிவு. மற்றக் கழிவோடு சேர்ந்து எரிகலனுக்குப் போகும். கேட்டுப் பெற முடியும் என்று தெரியாத தாய் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தெரிந்தவருக்கும் வெள்ளை உடுப்பைப் பார்த்தால் நாக்கு எழவில்லை. நிலத்தை முன்பே பறிகொடுத்த மக்களிடமிருந்து அதே பெயருள்ள இன்னொன்றும் போனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அங்கே வேலை செய்த செவிலியர் தம் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சாவிலும் இதே கதை. இறந்தவரின் உடலை மாவோரிகள் ஒரு கணமும் தனியே விடுவதில்லை. உறவினர் சூழ்ந்திருக்க வேண்டும், பேச வேண்டும், அழ வேண்டும், பிரார்த்தனை சொல்ல வேண்டும், விரைவில் ஊர்ப் பொது முற்றமான மராய்க்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனைக்கு உடல் என்பது சவக்கிடங்குக்கு அனுப்ப வேண்டிய ஒன்று. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்புக்கும், தாத்தாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாத பேரப்பிள்ளைகளுக்கும் இடையே நின்றவர் செவிலியர்.

1970களில் பல காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கனடாவைச் சேர்ந்த ஹெலன் கார்ப்பென்டர் 1971இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1973 முதல் செவிலியர் பயிற்சி மருத்துவமனையிலிருந்து பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு மாறத் தொடங்கியது. மருத்துவமனையில் மாணவி பாதி வேலைக்காரி. கல்லூரியில் அவர் கேள்வி கேட்கலாம். 1975இல் வைதாங்கி உடன்படிக்கைச் சட்டம் வந்து, உடன்படிக்கை மீறல்களை விசாரிக்கத் தீர்ப்பாயம் அமைந்தது. 1985இல் அதன் வரம்பு 1840 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. 1980இல் மருத்துவர் எரு போமாரே வெளியிட்ட ஆய்வு, 1955 முதல் 1975 வரையான இருபது ஆண்டுச் சாவுக் கணக்கைப் பிரித்துக் காட்டியது. தவிர்த்திருக்கக்கூடிய பல நோய்களில் மாவோரிகள் அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே கவனிப்பு என்று பெருமைப்பட்ட நாட்டுக்கு அது சங்கடமான கணக்கு.

மனநல மருத்துவர் மேசன் டியூரி 1980களின் தொடக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டி விளக்கம் சொன்னார். மாவோரி நோக்கில் நலம் என்பது நான்கு சுவர் கொண்ட வீடு. உடல், மனம், ஆன்மா, குடும்பம். ஒரு சுவர் சாய்ந்தால் வீடே சாயும். மருத்துவமனை ஒரு சுவரை மட்டும் பூசிக்கொண்டிருந்தது. படம் எளிமையாக இருந்ததால் அது வேகமாகப் பரவியது. இன்று நியூசிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்தக் காலத்தில்தான் இரிஹபெதி ராம்ஸ்டன் வருகிறார். 1946இல் வெலிங்டனில் பிறந்தவர். தாய் ங்காய் தாஹு, ரங்கிதானே என்ற மாவோரிக் குடிகளைச் சேர்ந்தவர், தந்தை எரிக் ராம்ஸ்டன் பாக்கேஹா பத்திரிகையாளர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். வெலிங்டன் மருத்துவமனையில் செவிலியராகப் பயின்று, வார்டில் வேலை செய்து, பின் ஆசிரியரானார். இலக்கியத்திலும் அவருக்கு ஒரு பக்கவாட்டு இடம் உண்டு. பெரிய பதிப்பகங்கள் ஏற்காத கெரி ஹியூமின் ‘தி போன் பீப்பிள்’ நாவலை 1984இல் வெளியிட்ட ‘ஸ்பைரல்’ என்ற பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். மறு ஆண்டு அது புக்கர் பரிசு பெற்றபோது, லண்டன் மேடைக்கு மாவோரி அழைப்புக் குரல் எழுப்பியபடி போன பெண்களில் அவர் இருந்தார். தம் குரலைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

1988இல் கிறைஸ்ட்சர்ச்சில் மாவோரிச் செவிலியர் கல்வி பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மாவோரியில் ‘ஹுயி’. முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் பாடம் நடத்துகிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். பின்னாளில் ராம்ஸ்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல்லின் பிறப்பு அதுதான். அதைத் தாம் உண்டாக்கியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மாணவியின் கேள்வி என்றே எழுதினார். 1990இல் வந்த அவருடைய அறிக்கையின் தலைப்பு ‘கவா ஃபகருருஹாவ்’. கவா என்றால் முறைமை. ருருஹாவ் என்பது காற்று அடிக்காத மறைவிடம். காற்றுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும் முறை என்று தமிழில் விரித்துச் சொல்லலாம்.

தமிழில் பண்பாட்டுப் பாதுகாப்பு என்றதும், பண்பாட்டை அழியாமல் காப்பது என்றுதான் காதில் விழும். இங்கே பொருள் அதுவன்று. சாலைப் பாதுகாப்பு என்கிறோம், காக்கப்படுவது சாலையா, சாலையில் போகிறவரா? அது போலத்தான் இதுவும். மருத்துவமனையின் பண்பாட்டுக்குள் நுழையும் நோயாளிக்கு அடிபடாமல் இருக்க வேண்டும்.

பண்பாட்டை முன்வைத்துச் செவிலியத்தைப் பேசியவர்களில் ராம்ஸ்டன் முதலாமவர் அல்லர். அமெரிக்காவின் மேடலின் லெய்னிங்கர் 1950களிலேயே, சின்சினாட்டியில் மனநலச் சிகிச்சை பெறும் குழந்தைகளைக் கவனித்தபோது, வெவ்வேறு பின்னணிக் குழந்தைகள் ஒரே கவனிப்புக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டார். பிறகு மானுடவியல் படித்து, நியூகினி மலைப்பகுதியில் கட்சுப் மக்களிடையே தங்கி, 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். பல்பண்பாட்டுச் செவிலியம் என்ற துறையே அவர் வைத்தது, 1974இல் அதற்கு ஒரு சங்கமும் அமைந்தது. இந்தியச் செவிலியக் கல்லூரிப் புத்தகங்களிலும் அவருடைய கோட்பாட்டை விளக்கும் ‘உதயசூரியன்’ வரைபடம் உண்டு. அவர் வழியில், செவிலியர் பிற மக்களின் வழக்கங்களைப் படித்து அறிந்து அதற்கேற்பக் கவனிக்க வேண்டும்.

ராம்ஸ்டன் இதோடு ஒத்துப்போகவில்லை. இதில் பார்ப்பவர் செவிலியர், பார்க்கப்படுபவர் விசித்திரமானவர். பார்ப்பவரைப் பார்க்க யாருமில்லை. மூன்று நாள் மாவோரி வழக்கம் படித்துவிட்டு வரும் பாக்கேஹா மாணவி, தன் வழக்கத்தையே மறந்துபோன நகரத்து மாவோரியிடம் அதை நடத்திக் காட்டும் கேலிக்கூத்துதான் மிஞ்சும் என்று அவர் அஞ்சினார். அவர் படிக்கச் சொன்னது வேறு. நிலம் எப்படிப் போனது, மொழி எப்படிப் போனது, இந்த மருத்துவமனை யாருடைய வீட்டைப் போலக் கட்டப்பட்டிருக்கிறது, என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தம்மைத்தான். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை அதைக் கொடுத்தவருக்கு இல்லை, பெற்றவருக்கே.

இதன் நடு நரம்பு ஒரே ஒரு சொல்லில் இருந்தது. இனம், நிறம், மதம், பண்பாடு, அரசியல் எதையும் பாராமல் கவனிப்பது என்பது செவிலியத்தின் பழைய பெருமை. ‘பாராமல்’ என்ற சொல்லை ராம்ஸ்டன் பிடித்துக்கொண்டார். அதன் இடத்தில், இவற்றையெல்லாம் பார்த்து, கருத்தில் கொண்டு கவனிப்பது என்று வைத்தார். சாதி மதம் பாராமல் சேவை செய்தவர் என்று தமிழிலும் புகழ்கிறோம், அதன் நல்ல பக்கத்தை மறுக்க முடியாது. ஒதுக்குவதற்காகப் பார்ப்பதை நிறுத்தியது அந்தச் சொல். ஆனால் யாரையும் பாராமல் கவனிப்பவர் கடைசியில் எல்லாரையும் தம்மைப் போலவே வைத்துக் கவனிக்கிறார். எரிகலனுக்குப் போன ஃபெனுவாவும் ‘பாராமல்’ போனதுதான்.

1988 ஆகஸ்டில் வேறொரு அறிக்கையும் வந்திருந்தது. ஆக்லாந்தின் பெண்கள் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குத் தெரியாமல் நடந்த ஆய்வு பற்றி நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து அளித்தது. நோயாளி கேட்கப்பட வேண்டியவர் என்பது அதன் பின் நாடு முழுக்கப் பேச்சானது. அந்தக் காற்று ராம்ஸ்டனுக்கும் உதவியது. 1992இல் செவிலியர் மன்றம் பண்பாட்டுப் பாதுகாப்பைப் பாடத்திட்டத்தில் சேர்த்து வழிகாட்டிகளை வெளியிட்டது. பதிவுக்கான அரசுத் தேர்வில் இருபது சதவீதம் அதற்கு.

மறு ஆண்டே புயல். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு மாணவி படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். மாவோரிப் பாடத்தைக் கேள்வி கேட்டதால்தான் நீக்கினார்கள் என்று அவர் தரப்பில் செய்தி வந்தது. செய்தித்தாள்களும் வானொலியும் பிடித்துக்கொண்டன. ஊசி போடத் தெரிந்தால் போதாதா, செவிலியர் மாவோரிப் பாட்டு பாட வேண்டுமா என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. மூளைச்சலவை என்றனர் சிலர். இதில் ஒரு நியாயமான குறையும் இருந்தது. கருத்து நன்றாக இருந்தாலும் கற்பிக்கத் தெரிந்தவர் குறைவு. பல கல்லூரிகளில் மாவோரி ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார். கோபமான வகுப்பறையின் முன்னால் அவரை நிறுத்திவிட்டு மற்றவர் ஒதுங்கிக்கொண்டார்கள். வரலாற்றைக் கற்பிக்க வேண்டிய பாடம் சில இடங்களில் குற்ற உணர்வை மதிப்பெண் போட்டு அளப்பதாக மாறியது.

1995இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. செவிலியர் மன்றமும் தனியே மறுபார்வை செய்தது. பெயரையே மாற்றிவிடச் சொன்னவர்கள் பலர், மன்றம் மாற்றவில்லை. ஆனால் 1996 வழிகாட்டியில் விளக்கம் விரிந்தது. பண்பாடு என்றால் இனம் மட்டும் இல்லை. வயது, பாலினம், பாலீர்ப்பு, தொழில், வருமானம், குடியேறிய அனுபவம், மத நம்பிக்கை, உடல் குறைபாடு எல்லாம் அதில் சேரும் என்று எழுதினார்கள். எதிர்ப்பு தணிந்தது. எல்லாரையும் சேர்த்தபோது கருத்து அகலமானது, ஆழம் கொஞ்சம் குறைந்தது. நிலத்தையும் உடன்படிக்கையையும் பேசிய கூர்மை மழுங்கியது என்று வருந்தியவர்கள் உண்டு, அந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது. பின்னாள் வழிகாட்டிகளில் வைதாங்கி உடன்படிக்கையையும் மாவோரி நலத்தையும் தனித் தலைப்பாகப் பிரித்து எழுத வேண்டி வந்தது அதனால்தான். ராம்ஸ்டன் தம் போராட்டத்தையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதி முடித்து, 2003 ஏப்ரலில் காலமானார்.

அவர் இறந்த அதே ஆண்டில் வந்த சுகாதாரத் தொழில்முறையாளர் தகுதிச் சட்டம், செவிலியர் மட்டுமின்றி மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர் என எல்லா மன்றங்களும் பண்பாட்டுத் தகுதிக்கு அளவுகோல் வகுக்க வேண்டும் என்றது. 2019இல் மருத்துவர் மன்றம், பண்பாட்டுத் திறன் என்ற தன் பழைய சொல்லோடு நிற்காமல், செவிலியரின் சொல்லான பண்பாட்டுப் பாதுகாப்பையே எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் செவிலியரிடமிருந்து சொல் கடன் வாங்குவது அடிக்கடி நடப்பதில்லை. ஆஸ்திரேலியா 2018இல் செவிலியர் நடத்தை விதிகளில் இதைச் சேர்த்தபோது, 1993இல் கேட்ட அதே கூச்சல் ஊடகங்களில் கேட்டது.

இன்று நியூசிலாந்து மருத்துவமனைகளை நடத்துவதில் பிலிப்பீன்ஸ், இந்தியச் செவிலியரின் பங்கு பெரிது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போகிறவர்கள் பதிவுக்கு முன் வைதாங்கி உடன்படிக்கையையும் கவா ஃபகருருஹாவையும் படிக்க வேண்டும். பாக்கேஹா மாணவிக்காக எழுதப்பட்ட பாடம் இது: ஆண்ட இனத்தின் பிள்ளையே, உன்னைத் திரும்பிப் பார் என்பது. ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைப் படிக்கும்போது எந்தப் பக்கம் உட்காருவது என்ற குழப்பம் இயல்பு. வார்டில் அவருடைய உச்சரிப்பை நோயாளி கிண்டல் செய்யலாம். அதே நோயாளியின் மேல் அவருக்கு அதிகாரமும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஷிப்டில் நடக்கும்.

பிரசவ அறையில் பேறுகாலத் தாதி கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்று நிலையாக இருக்கிறது. ஃபெனுவாவை வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா? எடுத்துப்போகிறவருக்கு மூடியுள்ள கலத்தில் போட்டுக் கொடுப்பார்கள். உணவு வைக்கும் குளிர்பெட்டியில் அதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்வார்கள். மண்ணில் கரைந்துபோகும் களிமண் கலமோ நாரால் முடைந்த கூடையோ கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு. அந்தக் கேள்வி மாவோரித் தாயிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை. வேண்டாம் என்பவர் இருக்கிறார்கள். தோட்டத்தில் குழி தோண்டி, அதன் மேல் ஒரு மரக்கன்று நடும் பாக்கேஹா அப்பாக்களும் இருக்கிறார்கள்.